கப்பலிலிருந்து அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டது

கப்பல் ஏறுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே என் பட்டியல் தயாராகிவிட்டது. போன் இரண்டு, சார்ஜர் இரண்டு, பவர் பேங்க் ஒன்று, அம்மாவுக்கு வாந்தி வராமலிருக்க மாத்திரை, ஐந்து நாளுக்கும் கப்பலின் வைஃபை, இறங்குகிற ஊரில் வாங்கவேண்டிய சிம். மற்றவர்கள் இந்த மாதிரிப் பயணத்துக்கு நீச்சல் உடையும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்து வைப்பார்களாக இருக்கும். எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இணையம்தான் இருந்தது. காரணம் அப்பா.

அப்பா மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். எந்த ஷிப்டு எப்போது முடியும் என்று சொல்லவே முடியாது. எத்தனை மணிக்கு வந்தாலும் அம்மா சமையலறை வாசலில் நின்று, "கை கழுவிக்கினு வாய்யா, சோறு ஆறுது" என்பாள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். அவர் சாப்பிட்ட பிறகு அம்மா சாப்பிடுவாள். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் மணி அடிப்பது இப்படித்தான்.

இப்போது அவருக்கு மறதி நோய். என்னை மறந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. நான் குறுக்கே நடந்தால், "உள்ள போங்க மேடம், வழியில நிக்காதீங்க" என்பார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, "லஸ் கார்னர்லாம் எறங்கு" என்று தெருவுக்குச் சொல்லுவார். அம்மாவை மட்டும் மறக்கவில்லை. அம்மா கூப்பிட்டால்தான் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். காலை இட்லிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அது டிப்போ பக்கம் டீக்கடையில் சாப்பிட்ட பழக்கம். மதியம் ஒரு மணிக்கும் இரவு ஏழரைக்கும் அம்மாவின் குரல் வேண்டும். ஒருமுறை அம்மா ரவிக்கைத் துணி வாங்க தி.நகர் போய் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். நான் அதே வார்த்தைகளைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். "சரசு வரட்டும் மேடம்" என்றார், அம்மா பெயரைச் சொல்லி. நான் நாற்காலிக்கே கொண்டுபோய் வைத்த தட்டுக்கு முன்னால் நாலு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அம்மா இரண்டு சாப்பாட்டு வேளைக்கு நடுவில்தான் வெளியே போவாள். கபாலி கோவில் குளத்தங்கரைக் காய்கறி, எப்போதாவது பாண்டி பஜார். மூன்று வருடம். ஒரு சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் என் வள்ளி அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். கடலில் தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு ஏற்றிக்கொண்டு நின்றது. "அதுக்குள்ள இன்னாதான் இருக்கும்?" என்று அம்மா கேட்டாள். வேறெதையும் அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஐந்து நாள் சுற்றுலாக் கப்பலில் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

அப்பாவின் தங்கை வள்ளி அத்தை. மீன் கடை வைத்திருக்கிறாள். கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு ஐந்து நாள் எங்கள் வீட்டில் தங்க ஒத்துக்கொண்டாள். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டு வேளையும் நான் கூப்புடணும். முடியும்னா வரேன்."

வங்கிகளின் கணினி இணைப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அடையாறில் என் வேலை. ஒரு வழி அடைபட்டால் தானாகவே இன்னொரு வழி திறக்க வேண்டும், அதை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவைச் சமையலறை வாசலில் நிற்க வைத்து ஏழு வீடியோ எடுத்தேன். நாங்கள் வீட்டில் இல்லாத ஏழு வேளைக்கு ஏழு. நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட வீட்டுப் புடவை. பின்னால் குக்கர். புடவை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "அவரு என் பொடவையவா பாக்கப்போறாரு?" என்றாள். ஏழிலும் அதே வார்த்தைகள். டேப்லெட்டில் ஏற்றி, அத்தையிடம் இரண்டு தடவை ஓட்டிக் காட்டினேன்.

"மொதல்ல நாங்க கூப்பிடுவோம் அத்தை. அஞ்சு நிமிஷம் ஆகியும் வரலைன்னா மட்டும் இத போடு."

"இந்த சிலேட்டுல எங்க அண்ணிய புடிச்சி அடச்சிட்டியா? நல்ல பொண்ணுடி நீ" என்றாள் அத்தை.

முதல் நாள்

துறைமுகத்துக்குப் போக ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் பெட்டிகளைப் பார்த்தார். "கப்பல்லயா? மீன் புடிக்கவாம்மா?" அம்மா சிரித்தாள். சாந்தோம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை, "அடுப்ப அணைச்சனா?" என்று கேட்டாள். அத்தை அங்கேதான் இருக்கிறாள் என்று இரண்டு தடவை சொன்னேன்.

கப்பலுக்குள் நுழைந்ததும் ஏழு மாடி உயரக் கூடம், கண்ணாடி லிஃப்ட், அதற்கு நடுவில் பியானோ. அம்மா மேலே பார்த்தபடி நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். "ரங்கநாதன் தெரு மாரியே கீது" என்றாள். கூட்டத்தில் மட்டும் அது சரி.

கப்பலில் இணையம் வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டியது, கரை மறைவதற்குள் போனை ஃபிளைட் மோடில் போடுவது. இல்லாவிட்டால் கப்பலின் சொந்தச் செல் கோபுரம் உங்கள் போனைப் பிடித்துக்கொண்டு காசைக் கறந்துவிடும். அப்புறம் வைஃபையில் அறை எண்ணைப் போட்டு நுழைய வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரே சாதனம்தான். என் போனில் வேண்டுமென்றால் அம்மா போனிலிருந்து வெளியேற வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்தேன்.

மேல்தளத்தில் நின்று கரை பின்னால் போவதைப் பார்த்தோம். கலங்கரை விளக்கம், சாந்தோம் மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம். அதற்குப் பின்னால் எங்கேயோ எங்கள் தெரு. "வூட்ட இப்டி பாத்ததேயில்ல" என்றாள் அம்மா.

ஏழரைக்குக் கூப்பிட்டோம். அத்தை எடுத்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மா, "கை கழுவிக்கினு வாய்யா, சோறு ஆறுது" என்றாள். படம் உறைந்து நின்றது. குரல் மேலே செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பி இறங்கி வர நேரம் ஆகிறது. எங்கள் திரையில் அப்பா வாயைத் திறந்தபடி அசையாமலிருந்தார். அப்புறம் குரல் மட்டும் வந்தது. "சரசு, வண்டி ஏன் நின்னுட்ச்சி?"

"சிக்னல்யா. போயிடும். நீ எழுந்திரு."

"ரைட்" என்றார். எழுந்தார். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் தன் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டுக்கொண்டாள். பன்னீரைக் காட்டி, "இதுல உப்பே இல்ல" என்றாள். ஆனால் மீதி வைக்கவில்லை.

இரண்டாம் நாள்

முழுவதும் கடல். காலையிலிருந்தே வைஃபை வருவதும் போவதுமாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு நானும் அம்மாவும் கப்பலின் நீளத்தை மூன்று தடவை நடந்து முடித்திருந்தோம். எங்கள் மேஜைக்குப் பக்கத்து மேஜைக்காரர் கமலா ஆன்ட்டி, பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கும்மா இப்படி அலையறீங்க? சிக்னல் போனது எனக்கு வரம். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல நேத்துதான் எங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியப் பாத்து, காபி நல்லாருக்கான்னு கேட்டார்."

இணைய உதவி மேஜையில் ஜெரோம் என்று ஒருவர் இருந்தார். நாகர்கோவில்காரர். தமிழில் பேசியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பல் திசை திரும்பியிருக்கிறது, புகைபோக்கி இப்போது ஆன்டெனாவுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் வந்துவிட்டது, மறுபடி திரும்பும் வரை இப்படித்தான் என்றார். எனக்கு அது புரிந்தது. அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம் கெடச்சா போதும்பா. எங்க வூட்டுக்காரர சாப்புட கூப்புடணும்."

ஜெரோம் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தன் இயந்திரத்திலேயே முயன்று பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்று ஐந்து, ஒன்று பத்து.

"நமக்கும் இதே பாடுதான் அக்கா. மகளுக்கு மூணு வயசு. தெனமும் போன்லதான் பேசுவேன். லீவுக்கு வீட்டுக்குப் போனா, போன்ல இருக்க அப்பாகிட்ட போகணும்னு அழுவா. நேர்ல நிக்குற என்னைக் கண்டா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிக்குவா." சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத்தான் செய்தி வந்து சேர்ந்தது. அத்தையின் குரல்பதிவு. "சிலேட்ட போட்டேன். எழுந்து வந்து சாப்டாரு. மோரு கூட குட்ச்சாரு. ஒண்ணும் கவலப்படாதீங்க." இரண்டாவது வழி திறந்துவிட்டது. நான் செய்த ஏற்பாடு சரியாக வேலை செய்யும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வந்தது, அதை மறைக்க மாட்டேன். அம்மா அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவளும் சாப்பிட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறை.

இரவு எட்டுக்குத்தான் இணைப்பு கிடைத்தது. அதற்குள் அப்பா சாப்பிட்டுவிட்டிருந்தார்.

"யாரு கூப்ட்டா?" என்றாள் அம்மா.

"நீதான் அண்ணி கூப்ட்ட."

"நான் இப்பத்தான வரேன்."

"அட, சிலேட்டுல கூப்ட்டியே" என்றாள் அத்தை.

மூன்றாம் நாள்

திருகோணமலையில் கப்பல் நின்றது. கரையில் இறங்கியதும் முதல் வேலையாக சிம் வாங்கினோம். ஐந்து கோடும் முழுதாக நின்றது. கோணேசர் கோவில் பாறை மேலிருந்து கீழே பார்த்தால் கடல் பச்சையாக இருந்தது. அம்மா அங்கே நின்று, "நம்ம கபாலிக்கு குளம். இவருக்குக் கடலே குளம்" என்றாள். கமலா ஆன்ட்டி கொடுத்த ஓலைத் தொப்பியைப் போட்டிருந்தாள். அன்று காலை மட்டும் அம்மா சுற்றுலா வந்தவள் மாதிரி இருந்தாள். மான்கள் தெருவில் நடந்தன. அவற்றுக்கு வாழைப்பழம் கொடுத்தாள். போனைத் திருப்பி வீடியோ எடுக்கச் சொன்னாள். ஒரு மணிக்குக் கோவில் வாசலில், நிழலில் உட்கார்ந்து கூப்பிடுவதாகத் திட்டம்.

கடைத்தெருவுக்கு ஒரு முச்சக்கர வண்டியில் போய்த் திரும்பும்போது டயர் பஞ்சர். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "காத்துப் போட்டுது அக்கா. கொஞ்சம் பொறுங்கோ, மாத்திப் போட்டுடுவன்" என்றார். மணி ஒன்றாக மூன்று நிமிடம். சாலையோரம் ஒரு வேப்பமரம், அதன் கீழ் இளநீர்க் கடை. அங்கேயே கூப்பிட்டோம்.

படம் கண்ணாடி போல வந்தது. எங்கள் வீட்டுச் சுவரின் காலண்டர்கூடத் தெரிந்தது. அப்பா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அத்தை போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கை கழுவிக்கினு வாய்யா, சோறு ஆறுது" என்றாள் அம்மா.

அவர் பார்த்தார். அசையவில்லை.

அம்மா தொப்பியைக் கழற்றினாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். "இன்னாய்யா. நான்தான். கை கழுவிக்கினு வா."

"எங்க போவணும்மா?" என்றார் அப்பா. டிக்கெட் கேட்கிறவரிடம் பேசுகிற குரல். "எந்த ஸ்டாப்பிங்?"

"அண்ணாத்தே, அண்ணி பேசுது. பாரு" என்று அத்தை சொன்னது கேட்டது.

"சரசு உள்ள கீறா. இது யாரோ" என்றார்.

அம்மா இன்னும் ஒரு தடவை சொன்னாள். குரல் உடையவில்லை. அதே ஏற்ற இறக்கத்தில், சமையலறை வாசலில் சொல்வது போலவே சொல்லிப் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அத்தை என்ன செய்வாள்? நான் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்தாள். எங்கள் போனில் முதலில் குக்கர் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவின் குரல், நடுவில் ஒரு கடல் தாண்டி, எங்களுக்கே திரும்பி வந்தது.

"கை கழுவிக்கினு வாய்யா, சோறு ஆறுது."

"தோ வந்துட்டேன் சரசு" என்றார் அப்பா. எழுந்தார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம். எங்கள் திரையில் அவருடைய காலி நாற்காலி துல்லியமாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போனை வாங்கி அணைக்க எனக்குக் கை வரவில்லை.

ஓட்டுநர் டயரை மாற்றி முடித்துவிட்டு அருகில் வந்தார். செவ்விளநீர் ஒன்றைச் சீவச் சொல்லி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். கப்பலுக்குத் திரும்பும் வரை குடிக்கவில்லை. அன்று இரவும் டேப்லெட்தான் அப்பாவைக் கூப்பிட்டது.

நான்காம் நாள்

திரும்புகிற கடல். நான் பன்னிரண்டரைக்கே போனைத் தயாராக எடுத்துக்கொண்டு வந்தேன்.

"கூப்புட வேணாம்" என்றாள் அம்மா. "அவர கொழப்பாத. அதப் போட்டா சாப்டுறாரு இல்ல? சாப்டட்டும்."

வீடியோ அவரைப் பழக்கிவிட்டதா, அல்லது என்றைக்கிருந்தாலும் வரவேண்டியது அந்த நாளில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் இரண்டாவது காரணத்தைச் சொன்னேன். எனக்கே நான் சொன்னபோது முதல் காரணம்தான் நின்றது. ஐந்து வேளையில் நான்கு வேளை, ஒரே புடவை, ஒரே வாசல், ஒரே குக்கர். நான்தான் எடுத்தேன், நான்தான் வரிசை எண் போட்டேன். மாற்று வழி போடும்போது, பழைய வழி சரியானதும் இணைப்பு அதற்குத் திரும்புகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். வேலையில் அதை ஒருநாளும் விட்டதில்லை.

ஒரு மணிக்கு அம்மா தட்டில் சோறும் ரசமும் வாங்கி வந்து உட்கார்ந்தாள். தொடவில்லை. கமலா ஆன்ட்டி வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். "இல்லம்மா. அவரு இன்னும் சாப்புடல" என்றாள் அம்மா. ஒன்று இருபதுக்கு அத்தையின் செய்தி வந்தது. சாப்டாரு. அம்மா ஆறிய சோற்றைப் பிசைந்தாள்.

அன்று முழுவதும் வைஃபை ஒரு நொடிகூட அறுபடவில்லை.

சாயங்காலம் ஜெரோம் எங்களைத் தேடிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தார். "இன்னைக்கு நல்லா கெடைக்குது அக்கா. பேசியாச்சா?" அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, "உன் பொண்ணு எவ்ளோ நாள்ல சரியா வருவா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் ஆகும்மா. பிஸ்கட் குடுப்பேன், யானை மாதிரி நடப்பேன். மெதுவா வந்துடுவா."

"கொழந்த வந்துடும்" என்றாள் அம்மா.

ஐந்தாம் நாள்

காலையில் கரை தெரிந்தபோது எல்லார் போனும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. கமலா ஆன்ட்டியின் கணவர் கடைக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது என் வரம்" என்றார் ஆன்ட்டி, எங்களுக்குக் கையசைத்தபடி.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. அப்பா நாற்காலியில் இருந்தார். அம்மாவைப் பார்த்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். "வாம்மா, உக்காரு. சரசு உள்ள கீறா."

அம்மா நேரே போய்க் குளித்தாள். நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட புடவையைக் கட்டிக்கொண்டாள். குக்கர் வைத்தாள். ஒரு மணிக்கு அம்மா சமையலறை வாசலில், வீடியோவில் நின்ற அதே இடத்தில் நின்றாள். குக்கர் பின்னால் விசில் அடித்தது.

"கை கழுவிக்கினு வாய்யா, சோறு ஆறுது."

அப்பா நிமிர்ந்தார். மேஜை மேலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. அம்மாவைப் பார்த்தார். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார். காத்திருந்தார்.

அம்மா அத்தையைப் பார்த்து முகவாயால் காட்டினாள். போடு.

அத்தை போட்டாள். அப்பா எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள். வஞ்சிரம், அத்தை கொண்டுவந்தது. முள் எடுத்துத் தட்டில் வைத்தாள். அவர் நன்றாகச் சாப்பிட்டார். நடுவில் நிமிர்ந்து, பரிமாறுகிறவளைக் கனிவாகப் பார்த்தார்.

"நல்லா செய்யறம்மா நீ. சரசுக்குக் கொஞ்சம் எடுத்து வெய்யி. நான் சாப்ட்டாத்தான் அவ சாப்டுவா."

"வெச்சிருக்கேன்யா" என்றாள் அம்மா.

அவர் கை கழுவி ஜன்னலோரம் போய் உட்கார்ந்த பிறகு, சரசுவுக்கென்று எடுத்து வைத்ததை அம்மா சாப்பிட்டாள்.